பத்துக் கம்பளிக்கு முப்பது கதை

எங்க உட்டேன்? ஆங், நவநீதன் வெள்ளிக்கெழமை பொழுதோட மசினகுடியில இருந்து பஸ் ஏறி வந்து, செருப்பைக் கூட கழட்டாம, "அந்தப் புத்தகக் கார்டை எடு, நானும் பாக்கறேன்"ன்னு கேட்டாரே, அங்க. எடுத்துக் குடுத்தாங்க. பாத்தாரு. பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாரு பாருங்க, கனகமணிக்கு அதுக்கப்புறம் சோறே எறங்கல.

இந்த வாரந்தான் படிக்க ஆரம்பிச்சேன்ங்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிர்றேன். கனகமணி குன்னூர்ப் பக்கம் மேல்பாறை எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து எடுக்கறவ. ஊட்டுக்காரரு நவநீதன், மசினகுடியில டூரிஸ்ட்டுங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போற ஜீப் டிரைவரு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊட்டுக்கு வருவாரு. ஒரே புள்ள ஸ்வேதா, ஆறாங்கிளாஸ் போகப் போறா.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேல ஒரு சின்ன வாசகசாலை இருக்குதுங்க. கோடை லீவுக்கு அங்க ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. புள்ளைங்க முப்பது புத்தகம் படிக்கோணும். ஒவ்வொண்ணையும் ஒரு பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டி, கார்டுல அவங்க கையெழுத்து வாங்கோணும். கார்டு முழுசா நெறஞ்சா பரிசு. அந்தப் பரிசு புள்ளைக்கு இல்ல, அங்கதான் விசயமே! அந்தப் புள்ள யாருக்குக் குடுங்கன்னு சொல்லுதோ, அவங்களுக்குப் பத்துக் கம்பளி போகும். கம்பளிக்கடை ஹெர்பர்ட் சாரு குடுக்கறாரு. ஒரு புத்தகம் கொறஞ்சாலும் கெடையாது.

ஸ்வேதா சொன்னது ஆஸ்பத்திரி புள்ளைங்க வார்டு. போன மார்கழியில நெஞ்சுச்சளி முத்தி அவ கெடந்த வார்டுங்க. பத்துக் கட்டிலு. ஊட்ல இருந்து கொண்டுபோன போர்வை அந்தக் குளுருக்கு ஒண்ணுமே பத்தல. பக்கத்துக் கட்டில்ல புள்ளையைச் சேத்திருந்த ஒரு படகர் அம்மா, ஊட்டுக்குக் கெளம்பறப்ப தன்னோட கம்பளியை இவ மேல போத்திட்டு, பேரு கூடச் சொல்லாம போயிட்டாங்க. அதைக் கனகமணியும் மறக்கல, புள்ளையும் மறக்கல.

போன வாரம் வாசகசாலையில இருந்து போன் வந்துச்சில்ல, "கார்டுல ஒரு சிக்கல் இருக்குது, புள்ளைகிட்டத் திருப்பிக் குடுத்திருக்கோம். அதை எடுத்துட்டு சனிக்கெழமை அஞ்சு மணிக்குள்ள நேர்ல வாங்க"ன்னு. அந்தச் சனிக்கெழமை விடிஞ்சிருச்சுங்க.

"முப்பது புத்தகம் படிச்சும் புள்ளைக்கு ஒரு பென்சில் டப்பா கூட இல்ல. நல்லா இருக்குது உங்க பரிசு." நவநீதன் டீயை ஆத்திட்டே ஆரம்பிச்சுட்டாரு.

"ஏனுங்க, அவதான் ஆசப்பட்டாளுங்க."

"அவ ஆசப்படுவா. நமக்கே மழை வந்தா அடுப்படியில ஒழுகுது. நாம என்ன குடுக்கற ஆளா அம்மணி? வாங்கற ஆளு."

கனகமணி சோத்துப் போசியைக் கட்டறதை நிறுத்திட்டா.

"அதுக்குத்தானுங்க. ஸ்கூல் பையா இருந்தாலும் வாங்குனோம், மழை வெள்ளத்துல அரிசிப் பையா இருந்தாலும் வாங்குனோம். வரிசையில நின்னோம், போட்டோவுக்குச் சிரிச்சோம். ஒரே ஒருக்கா நம்ம ஊட்ல இருந்து ஒண்ணு வெளிய போகட்டுமே."

அவரு டீ டம்ளரைக் கீழ வெச்சாரு. அப்புறம் மொல்லமாச் சொன்னாரு, "கார்டை நீயும் பாத்தீல்ல? முப்பது கட்டத்துல அஞ்சு புத்தகந்தான் இருக்குது. அந்த வாசகசாலைச் சாரு எப்படி ஒத்துக்குவாரு? அத்தனை பேரு முன்னால என்ற புள்ள பொய்க்காரின்னு நிக்கோணுமா? எனக்கு அந்த வெசனந்தான்."

ஸ்வேதா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தா. வெளிய வந்து, "நான் முப்பதும் படிச்சேம்ப்பா"ன்னா. அவ்வளவுதான். அழுகையெல்லாம் ஒண்ணும் இல்ல. செவப்பு ரிப்பனைக் கட்டிட்டு வாசலுக்குப் போயிட்டா.

கார்டுல என்னதான் ஆச்சுன்னா கேளுங்க. லீவு உட்டதுல இருந்து ஸ்வேதா மத்தியானம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவா. கொழுந்து எடை போடற கொட்டாய்ல, எடைக்கு வரிசையில நிக்கற நேரத்துல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனா. மொத நாளு அம்மா மட்டுந்தான் கேட்டா. ரெண்டாம் நாளு பின்னால நின்ன தெய்வம்மா காதைக் குடுத்தா. அப்புறம் காளியம்மாள். ஒரு வாரத்துல ஆறு பேரு ஆயிட்டாங்க. மேஸ்திரி எடைக்குக் கூப்புட்டாலும், "இருங்க, அந்தப் பொண்ணு கெணத்துல எறங்கிட்டா, மேல வரட்டும்"ம்பாங்க!

அந்த ஒரு வாரம் கழிச்சுக் கையெழுத்துன்னு வந்தப்ப, எஸ்டேட்ல வேலைக்கு வந்த பேரு எழுதற செக்ரோல் இருக்குதில்ல, அதுல ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி கை வெக்க முடியாது. அவங்கவங்களுக்கு ஒரு கட்டம். இவங்களும் அதே மாதிரி, கேட்டது ஆறு பேரு, அப்ப ஆறு கட்டம்னு ஆளுக்கு ஒரு கட்டத்துல கை வெச்சுட்டாங்க. மூணு பேரு கையெழுத்து, மூணு பேரு கைநாட்டு. அஞ்சே புத்தகத்துல கார்டு தீந்துபோச்சு! மீதிப் புத்தகமெல்லாம் எடைச் சீட்டுக்குப் பின்னால எழுதி, குண்டூசி குத்திக் குடுத்தாங்க. ஒழுங்காச் செய்யறோம்னு நெனச்சுச் செஞ்ச சோலிங்க அது.

மத்தியான எடை முடிஞ்சதும் ஆறு பேரும் போய் எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டர் பொன்ராஜ் முன்னால நின்னாங்க.

"ஆறு பேருக்கும் அரை நாள் லீவா? என்ன, யாரு ஊட்ல கல்யாணம்?"

"பரீட்சைங்க"ன்னா காளியம்மாள்.

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான். உங்களுக்கு வந்தாத் தெரியும், எங்க பாடு."

பொன்ராஜு சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு.

வாசகசாலைக்குப் படியேறிப் போறப்ப மூணரை மணிங்க. ஆறு பொம்பளைங்களும் சீலை மாத்தி, பூ வெச்சு, ஒறம்பரை ஊட்டு விசேசத்துக்குப் போற மாதிரி வந்திருந்தாங்க. நவநீதன் உள்ள வரல. "நான் இங்கயே நிக்கறேன்"னு வாசப்படியில கையைக் கட்டிட்டு நின்னுட்டாரு.

பொறுப்பாளரு ரவிச்சந்திரன் நல்ல மனுசந்தான், ஆனா கறாரு. மேசை மேல ஸ்வேதாவோட கார்டும், ஒரு கத்தைச் சீட்டும். பக்கத்துச் சேர்ல ஹெர்பர்ட் சாரு. சுத்தியும் மத்த புள்ளைங்களும் அவங்க அப்பா அம்மாவும்.

"நான் நம்பலைன்னு நெனைக்காதீங்கம்மா. மத்த புள்ளைங்க ஒரு புத்தகத்துக்கு ஒரு கையெழுத்துன்னு வாங்கியிருக்குது. இதுல அஞ்சு புத்தகத்துக்கு முப்பது கை. இந்தச் சீட்டுல புத்தகத்துப் பேரு மட்டுந்தான் இருக்குது. நான் எதை வெச்சு ஒத்துக்கறது?"

"எங்களைக் கேளுங்க சார்"னா கனகமணி. "படிச்சவ அவ. கேட்டவங்க நாங்க. எந்தப் புத்தகத்தை வேணும்னாலும் கேளுங்க."

ரவிச்சந்திரன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. ஒரு சீட்டை உருவுனாரு. "ஒட்டகம் டிக்கெட் எடுத்த கதை. யாரு சொல்றீங்க?"

"நானு!"ன்னு தெய்வம்மா எந்திரிச்சுட்டா. அடுத்த வருசம் ரிட்டயர்டு ஆகப் போறவ, அவளுக்கு வந்த வேகத்தைப் பாக்கோணுமே. "ஒட்டகம் ரயிலுக்கு டிக்கெட் கேக்குதுங்க. கழுத்து ஒரு பொட்டிக்கு, ஒடம்பு ஒரு பொட்டிக்குன்னு ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்றாரு ஸ்டேசன் மாஸ்டரு. அது யோசிச்சுட்டு, அப்ப எனக்கு ரெண்டு சன்னல் சீட்டு வேணும்னு கேக்குது!"

அங்க இருந்த புள்ளைங்கெல்லாம் சிரிச்சிருச்சுங்க.

"நெலாவுல ஆடு மேய்ச்ச பொண்ணு?"

"அவ கயித்தை உட்டுட்டா சார், ஆடெல்லாம் மேகம் ஆயிருச்சு"ன்னா காளியம்மாள்.

"ஆயிருச்சா, அவதான் ஆக்குனா"ன்னு இன்னொருத்தி.

"ஏண்டி, நீ அன்னைக்குக் கூடையைத் தேடிட்டு இருந்தே. நான் முழுசாக் கேட்டேன்!"

"காது உனக்கு மட்டுந்தான் இருக்குதாக்கும்?"

ரெண்டு பேரும் வாசகசாலையில நின்னு ஒரு ஆட்டுக்காகச் சண்டை போட்டாங்க பாருங்க, ரவிச்சந்திரனே வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாரு. அப்புறம் கெணத்துல எறங்குன பொண்ணு, ராசாவுக்குத் தலைப்பாகை அளவெடுத்த தையல்காரரு, ஒவ்வொண்ணாக் கேட்டாரு. ஒண்ணுக்கும் தடங்கல் இல்ல. ஒருத்தி சொல்றதுக்குள்ள அடுத்தவ வாயைப் புடுங்கறா. கனகமணி நிமுந்து உக்காந்துட்டா. ஓரக்கண்ணால வாசப்படியைப் பாத்தா. கட்டியிருந்த கை எறங்கியிருந்துச்சு.

சீட்டைப் பொரட்டிட்டே வந்த ரவிச்சந்திரன் ஒரு எடத்துல நின்னுட்டாரு.

"ஒட்டகம் இங்க மறுபடியும் வருதே?"

ஆறு பேரும் தெய்வம்மாவைப் பாத்தாங்க.

"நாந்தாங்க இன்னொருக்காப் படிக்கச் சொன்னேன்"னா அவ. "எனக்கு அந்த ஒட்டகத்தை நெம்பப் புடிச்சிருந்துச்சு. சீட்டுல எழுதுறப்ப அதையும் எழுதிட்டோம் போல."

"அப்ப இருபத்தொம்போதுதான்."

கடியாரத்துல நாலேகால்.

"ஒட்டகம், ஒட்டகம்னு உசுர உட்டியே!"ன்னு காளியம்மாள் பல்லைக் கடிச்சா. தெய்வம்மா கண்ணு தளும்பிருச்சு.

ஸ்வேதா எந்திரிச்சா. "தெய்வம்மா பெரிம்மாவைத் திட்டாதீங்க அத்தை. எண்ணாம உட்டது நாந்தான்." அப்புறம் ரவிச்சந்திரன் பக்கம் திரும்புனா. "சார், அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குதுல்ல? நான் இப்பவே ஒண்ணு படிக்கட்டுமா?"

"படிக்கலாம். யாருக்குப் படிப்பே?"

ஆறு பொம்பளைங்களும் கையைத் தூக்கிட்டாங்க. புள்ள ஒருத்தரையும் பாக்கல.

"எங்கப்பாவுக்கு."

நவநீதன் அப்படியே நின்னாரு. "நானா? எனக்கென்ன தெரியும் கண்ணு, கதையெல்லாம்?"

"தெரிய வேண்டாம்ப்பா. கேட்டாப் போதும்."

"கேட்டுட்டு நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லோணும். இந்த அம்மாங்க சொன்ன மாதிரி"ன்னாரு ரவிச்சந்திரன்.

"வாங்கண்ணா, வந்து மாட்டிக்குங்க"ன்னு காளியம்மாள் அவரை உள்ள இழுத்துட்டு வந்து சேர்ல உக்கார வெச்சா. நவநீதன் சட்டைப் பையில ஓயாம அடிச்சுட்டு இருந்த போனை எடுத்து, "புடி கனகு"ன்னு பொண்டாட்டி கையில குடுத்துட்டு உக்காந்தாரு மனுசன், ஊசி போடப் போற மாதிரி.

ஸ்வேதா அலமாரியில தேடி ஒரு புத்தகம் எடுத்தா. வழி மாறுன ஆனைக்குட்டி.

அவ படிக்க ஆரம்பிச்சா. நவநீதன் கடைசியா அவ படிச்சுக் கேட்டது ரெண்டு வருசத்துக்கு முன்னாடிங்க. அப்பெல்லாம் ஒவ்வொரு எழுத்தா இழுத்து, நடுவுல நின்னு, அப்பா மூஞ்சியைப் பாப்பா. இப்ப? வாட்ச்மேனுக்கு ஒரு கொரலு, குட்டிக்கு ஒரு கொரலு, மழைக்கு ஒரு கொரலு. ஆறு பொம்பளைங்க முன்னால அடிபட்டு வந்த கொரலுங்க அது, சும்மாவா? நவநீதன் மொதல்ல தரையைப் பாத்துட்டு இருந்தவரு, அப்புறம் புள்ளை வாயையே பாத்துட்டு இருந்தாரு.

காட்டுல வழி தெரியாம ஒரு குட்டி பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துருது. வாட்ச்மேன் மணி அடிச்சுட்டே முன்னால நடக்கறாரு, குட்டி பின்னாலயே போகுது.

"மணி அடிச்சா ஆனை வராது கண்ணு, பயந்து ஓடிரும்."

"அப்பா, கதையைக் கேளுங்க."

"சரி சரி."

அந்த நேரம் பாத்து கனகமணி கையில போன் மறுபடியும் அடிச்சுது. அவசரமா எடுத்துட்டு வராண்டாவுக்குப் போனா. நவநீதனோட ஜீப் ஓனரு ஆறுக்குட்டி.

"யாரு, தங்கச்சியா? நவநீதன் இல்லியா? சரி, நீயே சொல்லிரு. வயநாட்டு ரிசார்ட் வேலைக்கு அவன் சரின்னு சொன்னான்ல, ஊடு பாத்தாச்சு. அடுத்த சனிக்கெழமை லாரி வருது, சாமானெல்லாம் கட்டி வெச்சிருங்க. புள்ளைக்கும் அங்கயே ஸ்கூல் பேசிட்டேன், தங்கச்சி ஒண்ணும் வெசனப்பட வேண்டாம்."

இப்படி ஒரு வேலை இருக்குதுன்னே கனகமணிக்கு இப்பத்தான் தெரியும். ஒரு காதுல சாமானு, லாரி, ஸ்கூலு. இன்னொரு காதுல சன்னல் வழியா ஸ்வேதா, "ஆத்துக்கு அந்தப் பக்கம் அம்மா ஆனை நின்னுட்டு இருந்துச்சு"ன்னு படிக்கறா. கனகமணி வாயில இருந்து "சரிங்க"ன்னு ஒரு வார்த்தைதான் வந்துச்சு. போனை இடுப்புல சொருகிட்டு, மூஞ்சியைத் தொடைச்சுட்டு, உள்ள வந்தா. புள்ளை முன்னால இப்ப ஒண்ணும் காட்டக்கூடாதில்லீங்களா?

படிச்சு முடிச்சப்ப மணி அஞ்சாகப் பத்து நிமிசம்.

"சொல்லுங்க"ன்னாரு ரவிச்சந்திரன்.

நவநீதன் எந்திரிச்சு நின்னாரு. தெனமும் டூரிஸ்ட்டுக்குப் புலிக்கதை சொல்ற வாய்தானே, மொதல்ல மக்கர் பண்ணுனாலும் அப்புறம் புடிச்சுக்கிச்சு. குட்டி எப்படி வந்துச்சு, சத்துணவுச் சோத்தை எப்படிக் கவுத்துச்சு, வாட்ச்மேன் எப்படி நடந்தாருன்னு நடந்தே காட்டுனாரு. "கடைசியில ஆத்தங்கரையில ஆனைக் கூட்டம் நின்னுச்சுங்க. குட்டி போய்ச் சேந்துக்கிச்சு."

ரவிச்சந்திரன் புத்தகத்தைப் பொரட்டுனாரு. "கூட்டமா? இதுல தாய் யானை தனியாத்தானே நிக்குது?"

காளியம்மாள் தலையில கை வெச்சுட்டா. "அண்ணா, புத்தகத்துல இருக்கறதைச் சொல்லுங்கண்ணா!"

"இருக்கறது எனக்கும் தெரியும்மா"ன்னாரு நவநீதன். "தாய் தனியா நின்னு, வாட்ச்மேன் கிட்டப் போனதும் தும்பிக்கையைத் தூக்கிக் கும்புட்டுச்சுன்னு இருக்குது. என்ற புள்ள தெளிவாத்தான் படிச்சா. ஆனா சார், அது தப்புங்க. குட்டியைத் தேடறப்ப தாய் தனியா நிக்காது. பெரிய பொட்டை ஆனை முன்னால வரும், கூட்டமே பின்னால வரும். வாட்ச்மேன் அத்தனை கிட்டப் போயிருந்தா அன்னைக்கே அவரு கதை முடிஞ்சிருக்கும். பன்னெண்டு வருசமாப் பாக்கறேன். என்ற வாயால எப்படிங்க தப்பாச் சொல்றது? இதை எழுதுனவங்களை ஒருக்கா மசினகுடிக்கு வரச் சொல்லுங்க, நான் காட்டறேன்."

ரவிச்சந்திரன் ஒரு நிமிசம் அவரையே பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, மேசை குலுங்கச் சிரிச்சாரு.

"அஞ்சு வாரமா எத்தனையோ அப்பா அம்மா கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. பாதிப் பேரு போனைப் பாத்துட்டேதான் கேட்டிருப்பாங்க. புத்தகத்தோட சண்டைக்கு வந்த மொத ஆளு நீங்கதான். இதுக்கு மேல என்ன கேக்கறது?"

புதுக் கார்டு ஒண்ணை எடுத்து, இருபத்தொம்போது புத்தகத்துப் பேரையும் அவரே தன் கையால எழுதுனாரு. முப்பதாவது கட்டத்தை மட்டும் நவநீதன் பக்கம் தள்ளுனாரு. நவநீதன் முழுப் பேரையும் எழுதுனாரு, அப்பன் பேரோட.

தெய்வம்மா ஸ்வேதாவைக் கட்டிப் புடிச்சுட்டா. காளியம்மாள் பக்கத்துல நின்ன யாரோ ஒரு அம்மாகிட்ட, "எங்க எஸ்டேட்டுப் புள்ள"ன்னு சொல்றா, கேக்காதவங்ககிட்டயும் சொல்றா. நவநீதன் மக தலையில கை வெச்சாரு, எடுக்கவே இல்ல. "எப்பக் கண்ணு இப்படிப் படிக்கக் கத்துக்கிட்டே? அப்பனுக்குத் தெரியவே இல்லியே"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு எந்தப் பென்சில் டப்பா ஈடுங்க?

ஹெர்பர்ட் சாரு எந்திரிச்சு வந்தாரு. "நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழமை காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில. கம்பளியை நான் கொண்டாந்துருவேன். பத்துக் கட்டிலுக்கும் போத்தி உடறது ஸ்வேதாதான், நான் தூரமா நிப்பேன். ஊர்ல இருப்பீங்கல்ல?"

நவநீதன் வாயைத் தொறந்தாரு.

அதுக்குள்ள கனகமணி முன்னால வந்தா. "இருப்போம் சார். என்ற புள்ள அவ கையால குடுப்பா. நாங்க அத்தனை பேரும் வருவோம்"ன்னு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரிச் சொன்னா. சொல்லிட்டு, இடுப்புல இருந்த போனை எடுத்து ஊட்டுக்காரரு கையில வெச்சா.

"உங்க ஓனரு பேசுனாருங்க. அடுத்த சனிக்கெழமை லாரி வேண்டாம்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"